அவளே முடிவு செய்யட்டும்

உட்காருங்கள் அம்மா, தாராளமாக உட்காருங்கள். இந்த இடம் காலிதான். கோப்பு என் மடியிலேயே இருக்கட்டும், நீங்கள் வாங்கி வைக்க வேண்டியதில்லை. என் மகளின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. முன்னால் மூன்றாவது வரிசையில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருக்கிறாளே, இரட்டைப் பின்னல் போட்டவள், அவள்தான். பெனிட்டா. திருநெல்வேலியில் ஏறியபோது இந்த இடத்தில்தான், என் அருகில்தான் உட்கார்ந்தாள். நான்தான் எழுந்து முன்னால் போய் உட்காரச் சொன்னேன். கோபம் ஒன்றும் இல்லை. மதுரை வருவதற்குள் அவள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தால் அது அவளுடைய முடிவாக இராது அல்லவா?

நீங்களும் மதுரைக்குத்தானே? கோவில்பட்டியிலிருந்து மதுரை போய்ச் சேர நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

நீட் தேர்வில் அவள் எடுத்தது ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு, எழுநூற்றிருபதுக்கு. நல்ல மதிப்பெண்தான். நல்லதில்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் முறையிலேயே எடுத்திருக்கிறாள். அரசு மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர் யாரேனும் இந்தப் பேருந்தில் இருந்தால் மனம் வருந்துவார். சிறிய ஊர். அந்தக் கல்லூரியைவிட என் தையல் இயந்திரத்துக்கு வயது அதிகம். சென்னையில் பெரிய கல்லூரி இருக்கிறதே, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருப்பது, அங்கே இடம் பெற இன்னும் சில பத்து மதிப்பெண்கள் வேண்டும்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் அந்தச் சிறிய ஊருக்குப் போய் இந்த அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் சேர்ந்தாயிற்று. கொடுத்தது கொடுத்ததுதான், நடுவில் வாங்கிக்கொண்டு மறுபடி தேர்வு எழுதுவதெல்லாம் நடக்கிற காரியம் அல்ல. கொடுக்காவிட்டால் இடம் வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும். இவள் ஓராண்டு நாமக்கல் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தின் விடுதியில் தங்கி மீண்டும் எழுதலாம். மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கேயே அடுத்த பேருந்தில் ஏறினால் கல்லூரி. டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம் போனால் நாமக்கல். இரண்டுக்கும் நேரம் இருக்கும்படிதான் விடிவதற்கு முன்பே கிளம்பினேன். இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறேன். எந்த வழி என்று அவள் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

ஏன் சொல்ல மாட்டேன் என்றால், எனக்குச் சொன்னார்கள். இளங்கலை முடித்த கையோடு கருவூலத் துறையில் வேலை வந்தது. மேலே படித்து, பெரிய தேர்வுகள் எழுதி, மாவட்ட அளவில் ஒரு பதவிக்குப் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. எங்கள் அப்பா பணியாணையைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை போயிச் சேந்துரு" என்றார். அவ்வளவுதான். "உனக்கு என்ன தோணுது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். இன்றும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன். மேசை மட்டும் மாறியிருக்கிறது. என் பிள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாது. அவள் வாழ்க்கையை அவளே தீர்மானிக்க வேண்டும். இதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

தேர்வு முடிவு வந்த அன்று அலுவலகத்தில் இருந்தேன். சார்நிலைக் கருவூலத்தில் கண்காணிப்பாளர். எங்கள் வட்டத்துப் பள்ளிகளின் சம்பளப் பட்டியல்கள் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். "ரோஸ்லின் மேடம் டேபிளுக்குப் போனா பில்லு ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்துட்டுத்தான் பாஸாவும்" என்று தலைமையாசிரியர்கள் கேலி பேசுவது எனக்குத் தெரியாமலில்லை. ஆட்சேபணை போட்டுத் திருப்பி அனுப்பினால் மறுமுறை திருத்தமாக வருகிறது. இதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

அன்று என் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஞானதுரை என்று பெயர், மின்வாரியத்தில் இருக்கிறார். கம்பத்தில் ஏறுகிறவர்களோடு பழகிப் பழகி அவருக்கும் குரல் உச்சத்தில்தான் இருக்கும். "ரோஸு, பிள்ளை ஐநூத்தித் தொண்ணூத்தெட்டுளா!" என்றார். நான், "அறுநூறுக்கு அந்த ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டேன். அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம். பெனிட்டா பக்கத்திலேயே நின்றாளாம். இதை அவர் பிறகு எத்தனை முறை எடுத்துச் சொல்லிவிட்டார் தெரியுமா, ஏதோ நான் கல்லெடுத்து எறிந்துவிட்டதுபோல! கணக்குக் கேட்டேன். வேறென்ன கேட்டேன்?

மாலையில் வீட்டுக்குப் போனால் தெருவெல்லாம் லட்டு கொடுத்து முடித்திருக்கிறார். "அறுநூறு, அறுநூறுங்கியே, அறுநூறுன்னு கர்த்தர் கல்லுல எழுதி மோசேகிட்டக் குடுத்தாராக்கும்?" என்கிறார். பிள்ளை சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது என்பார் அவர். அவருக்கு எதையும் பெரிதாக்கிப் பேசுகிற பழக்கம் உண்டு.

இடம் ஒதுக்கீடு வந்த அன்று அவளை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னேன். "பெனி, இதுல சேரதும் சேராததும் உன் விருப்பம். அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"சேந்துருதேம்மா" என்றாள்.

உடனே சொன்னாள், அந்த 'உடனே'யைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வாயில் தோசை இருந்தது. தோசையை விழுங்குவதற்கு முன் சொல்வதை ஒரு முடிவு என்று யாராவது ஏற்றுக்கொள்வார்களா? "நல்லா யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல" என்றேன்.

யோசித்தாள். அடுத்த நாள் அவளாகவே வந்து நின்றாள். "யோசிச்சிட்டேம்மா. எங்க படிச்சாலும் புஸ்தகம் ஒண்ணுதான். நாளைக்கு போர்டுல டாக்டர் பெனிட்டான்னுதான் போடுவாங்க, எந்தக் காலேஜுன்னா போடுவாங்க?" என்றாள்.

இது யாருடைய வாக்கியம்? அவள் அப்பாவுடையது. அப்படியே அவர் குரல். ஒருவர் சொல்லிக் கொடுத்த விடையை நான் எப்படி அவள் முடிவாக எடுத்துக்கொள்வேன்? ஆகவே நானே இரண்டு பக்கத்தையும் பாரபட்சமில்லாமல் எடுத்துச் சொன்னேன். மறுபடி எழுதினால் என்னென்ன நன்மை என்று தொடங்கினேன். சொல்லி முடிக்கவே இரவுச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கல்லூரியில் சேர்வதன் நன்மைக்கு அன்று வரமுடியவில்லை. அதைத்தான் அவள் அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தாரே.

மூன்றாவது முறை கேட்டபோது, "உங்க இஷ்டம்மா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "என் இஷ்டமாட்டி? நாளைக்கு 'எங்கம்மாதான் கெடுத்தா'ன்னு ஊரெல்லாம் சொல்லதுக்கா? உன் வாயால நீ சொல்லணும்" என்றேன். என் கணவர் உள்ளே இருந்து வந்து, "ஏளா, அவ என்ன சொன்னா நீ முடிவுன்னு ஒத்துக்கிடுவ? அதையாவது சொல்லிரு, பிள்ள அதையே சொல்லிட்டுப் போவட்டும்" என்றார். அம்மா, நீங்களே சொல்லுங்கள், இது ஒரு தகப்பன் பேசுகிற பேச்சா? முடிவைப் பிள்ளையிடம் விட்டிருக்கிறேன் என்பதையே அவர் புரிந்துகொள்ளவில்லை.

அதிலிருந்து அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆழ்ந்து யோசிக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு: வீட்டில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள், ஆராதனையில் குருவானவர் பெயரையும் காரணத்தையும் வாசிப்பார். என் கணவர் என்னிடம் சொல்லாமல், 'மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக' என்று எழுதிக் கொடுத்திருந்தார். மணியடித்து ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியார் வாசலிலேயே, "வாழ்த்துகள்மா" என்று கையைக் கூப்பியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நேரே குருவானவர் அறைக்குப் போனேன்.

"ஐயா, பெனிட்டா பேரை இன்னைக்கு வாசிக்க வேண்டாம். இன்னும் முடிவாகல."

அவர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். "இடம் கிடைச்சாச்சுன்னு உங்க சார் சொன்னாங்களேம்மா?"

"கிடைச்சிருக்கு ஐயா. அதுல சேரதான்னு பிள்ளை யோசிச்சிட்டு இருக்கா."

"சேந்தாலும் சேராட்டாலும், குடுத்ததுக்கு நன்றி சொல்லலாம்லாம்மா? அதுக்கு என்ன முடிவு வேணும்?"

"கர்த்தர் குடுக்கதை முழுசாக் குடுக்கட்டும் ஐயா, மொத்தமா ஸ்தோத்திரம் பண்ணிக்கிடுவோம்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். பெயரை அடித்துவிட்டார். நான் சொன்னதில் என்ன தவறு? முடிவாகாத ஒன்றைச் சபையில் வாசித்துவிட்டால் பிறகு பிள்ளை அதற்குக் கட்டுப்பட்டவள் ஆகிவிடுவாள் அல்லவா? அவள் சுதந்திரத்துக்காகத்தான் செய்தேன். பெனிட்டாவுக்கு இது தெரியாது. அப்பா வாங்கிக் கொடுத்த புது சுடிதாரைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒருவருடைய பித்தப்பைக் கல் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு நன்றி வாசித்தார்கள். ஒருவர் புது ஆட்டோ வாங்கியதற்கு வாசித்தார்கள். ஒரு வீட்டில் காணாமற்போன பசு திரும்பி வந்ததற்குக்கூட வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இவள் முதுகு நிமிர்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பிறகு எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். இவள் நின்றாள், பாடவில்லை. தொண்டை கட்டியிருந்திருக்கும். பருவநிலை அப்படித்தானே இருக்கிறது.

பயிற்சி மையத்து மேலாளர் விடாமல் பேசுகிறார். மிகவும் மரியாதையான மனிதர். "மேடம், ஜீரோல இருந்து வர்ற பிள்ளைங்களையே நாங்க தூக்கி விடறோம், உங்க பொண்ணு மாதிரி மார்க் வச்சிருக்கிற பிள்ளைக்குப் பாதிக் கட்டணந்தான், ஸ்டேட் ரேங்க் எங்க பொறுப்பு" என்கிறார். விடுதி எப்படி என்று கேட்டேன். "காலைல அஞ்சுக்கு எந்திரிச்சா ராத்திரி பதினொண்ணுக்குத்தான் படுக்கை. செல்போன் கிடையாது. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க வந்து பாக்கலாம். ஜன்னலெல்லாம் உயரத்துலதான் இருக்கும், கவனம் செதறாது" என்றார். நான் இவளிடம் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

அவள் தன் பயிற்சிப் புத்தகங்களை எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டிருந்தாள். முடிவெடுப்பதற்கு முன்பே! நான் போய்த் திரும்பக் கேட்டு வாங்கி வந்தேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும் என்றால் புத்தகங்கள் கையில் இருக்க வேண்டுமே. அதோ மேலே, கயிறு கட்டிய பெட்டி இருக்கிறதே, அதில் அவைதான். பக்கத்தில் வாளி, பாய், பூட்டு, விடுதிக்கு வேண்டியவை. கல்லூரிக்கு என்று தனியாக எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கி வைத்திருந்தார். வழியில் கசங்கிவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது எந்த ஊரிலும் கிடைக்கும்.

அவள் கைப்பேசியும் என் பையில்தான் இருக்கிறது. பழகட்டும் என்று போன வாரமே வாங்கி வைத்தேன். சேரப்போகிற பிள்ளைகள் வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 'பெனிட்டா, நீ என் ரூமுக்கு வர்றியா?' என்று ஒரு பெண் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மனத்தைக் கலைக்கிற வேலை. நான் பதில் எதுவும் போடவில்லை. பதில் போடுவது அவள் உரிமை.

ஒரு நிமிடம், அவர்தான் கூப்பிடுகிறார்.

ஆங், சொல்லுங்க. விருதுநகர் தாண்டியாச்சு. சாப்பிட்டா, ரெண்டு இட்லி. அவகிட்டயா? அவ முன்னால இருக்கா. யோசிச்சிட்டு இருக்கா, இப்பக் குடுத்தா கொழம்பிருவா. இல்லங்க, நான் ஒண்ணுமே சொல்லல. இல்ல. இங்க ஒருத்தங்க பக்கத்துல இருக்காங்க, அவங்களையே கேளுங்க. கத்தாதீங்க, பஸ்ஸே கேக்கு. வைக்கேன்.

அவரும் கூட வருகிறேன் என்றார். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசினால் பிள்ளை என்ன செய்வாள்? அதனால்தான் வேண்டாம் என்றேன். இன்று லைனில் ஏதோ பழுது என்று வேலைக்குப் போயிருக்கிறார். அங்கேயும் மேலே பார்த்துக்கொண்டு அழுதுகொண்டுதான் நிற்பார், எனக்குத் தெரியும்.

என்ன சொல்கிறீர்கள்? அவள்தான் அன்றே சொல்லிவிட்டாளே என்றா? நீங்களும் அவரைப் போலவே அவசரப்படுகிறீர்கள். அன்று சொன்னது முதல் எண்ணம். முதலில் தோன்றுவதெல்லாம் முடிவாகிவிடாது. நான் என்ன அவளைத் தடுத்தேனா? யோசி என்றேன். யோசிக்கச் சொல்வது ஒரு கொடுமையா?

உங்கள் மகள் செவிலியர் படிப்பா? மதுரையிலா? அவளைப் பார்க்கத்தான் போகிறீர்களா? நல்லது, நல்லது. சந்தோஷமாக இருக்கிறாளா? அப்படியா. கிடைத்ததில் திருப்தி அடைகிற குணமும் ஒரு வரம்தான். நான் குறையாகச் சொல்லவில்லை.

பாருங்கள், உண்மையைச் சொன்னால் எனக்கே எது சரி என்று தெரியாது. இந்தப் பக்கம் போனாலும் நான் மறுக்க மாட்டேன், அந்தப் பக்கம் போனாலும் மறுக்க மாட்டேன். அவள் கல்லூரி என்று சொல்லட்டும், இந்த நிமிடமே இந்தக் கோப்பை எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் யோசித்துச் சொல்ல வேண்டும். யோசித்துச் சொன்னாள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தாய்க்குத் தெரியும். கேட்டவுடன் தெரிந்துவிடும்.

ரிங் ரோட்டில் திரும்பிவிட்டது. உங்கள் பையைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இதோ, மாட்டுத்தாவணி வந்தே விட்டது. நடத்துநர், தம்பி, அந்தக் கயிறு கட்டிய பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள், பாரம் அதிகம்.

பெனி! மெதுவா இறங்கு. வாளியப் பிடி. இந்தப் பக்கம் நிழல்ல வா. இவங்க கோவில்பட்டிலருந்து வாராங்க, இவ்வளவு நேரம் உன்னப் பத்தித்தான் பேசிட்டு வந்தோம். சரி, சொல்லு. என்ன முடிவு பண்ணிருக்க? தரையப் பாக்காத, என்னையும் பாக்காத. இவங்களப் பாத்துச் சொல்லு. அவசரமே இல்ல. ரெண்டு பஸ்ஸும் இருக்கு. ஒனக்கு எது தோணுதோ அது.

ம்?

கேட்டீர்களா? ஆரப்பாளையம் என்கிறாள்! என் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததா? நீங்களே சாட்சி அம்மா, உங்கள் கண் முன்னால்தானே நின்றேன். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். உங்கள் எண்ணைக் கொடுங்கள், ராத்திரி அவர் கேட்டால் நீங்களே சொல்லுங்கள். நான் அப்போதே சொன்னேனே, யோசித்துச் சொன்னால் கேட்டவுடன் தெரியும் என்று. பாருங்கள், எவ்வளவு நிதானமாகச் சொன்னாள். தோசையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னதுபோலவா இருந்தது? எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல இருக்கிறது.

டவுன் பஸ் அந்தப் பக்கம்தான் நிற்கும் போலிருக்கிறது. வருகிறேன் அம்மா. உங்கள் மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பெனி, போயிட்டு வாரேன்னு சொல்லு.

என்னட்டி? சத்தமாக் கேளு, பஸ் சத்தத்துல ஒண்ணும் விழல. அடுத்த வருசம் அறுநூறு வந்துட்டாச் சேத்து விட்டுருவீங்களான்னா?

பார்த்தீர்களா, இன்னும் என்னைத்தான் கேட்கிறாள்.

அது என்னட்டி கேள்வி? மொதல்ல அறுநூறு வரட்டும். அப்பவும் நீயேதான் முடிவு பண்ணணும்.